மின்சாரம் நின்றால் சாமியும் போய்விடுமா?

2025 ஜூன் 14, இரவு 10.40

பினாங்கிலிருந்து ஓர் ஐயா கேட்டிருக்கிறார்: "புரொஜெக்டர், கேமரா, எல்.இ.டி. திரை வைத்துச் செய்யும் புதிய ஊடகக் கலையில் ஆன்மிகம் என்று எதைச் சொல்கிறீர்கள்? சுவிட்சை அணைத்தால் அணைந்துபோகும் பொருளில் தெய்விகம் எங்கே தங்கும்? மின்சாரம் நின்றால் சாமியும் போய்விடுமா? இது மேல்நாட்டார் வேடிக்கை. நம் கோயிலுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை."

ஒட்டும் உண்டு, உறவும் உண்டு. என் பிழைப்பே இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஓடுகிறது. கோலாலம்பூரில் கலைக்கூடங்களுக்குப் புரொஜெக்டர் பொருத்துகிறேன். கும்பாபிஷேகம், திருவிழா என்றால் கோயில்களுக்குக் கேமராவும் பெரிய திரையும் கட்டுகிறேன். இரண்டு இடத்துக்கும் அதே ஏணி, அதே கேபிள்.

ஒரு படைப்பிலிருந்து தொடங்குகிறேன். கொரியாவில் பிறந்த நாம் ஜூன் பைக் 1974இல் 'டிவி புத்தா' செய்தார். ஒரு பழைய புத்தர் சிலை, எதிரே ஒரு தொலைக்காட்சிப் பெட்டி, சிலையைப் பார்த்தபடி ஒரு கேமரா. கேமரா பிடிப்பது அந்த நொடியே பெட்டியில் தெரிகிறது. புத்தர் தம்மையே பார்த்துக்கொண்டு அமர்ந்திருக்கிறார். அவ்வளவுதான். நியூயார்க் கலைக்கூடம் ஒன்றில் காலியாகக் கிடந்த சுவருக்காகச் செய்த வேலை அது. இன்று ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடலிக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

தொலைக்காட்சி மோகத்தைக் குத்திக்காட்டுகிறார் என்று சிலர் எழுதினார்கள். எனக்கு நினைவுக்கு வருவது வேறு. தீபாராதனைக்குப் பிறகு குருக்கள் சாமிக்குக் கண்ணாடி காட்டுகிறாரே, அது. அடுத்துக் குடை, சாமரம், விசிறி. கண்திறப்பின்போதும் சிலைக்குக் கண்ணாடி காட்டும் வழக்கம் உண்டு. சாமி தம்மைப் பார்த்துக்கொள்வது நமக்கு மேல்நாட்டு வேடிக்கையே அல்ல, ஐயா. நித்திய பூஜையில் ஓர் அங்கம்.

2025 ஜூன் 15, காலை 7.05

நேற்று எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். குருக்கள் கண்ணாடியைச் சில நொடி காட்டுகிறார், பிறகு எடுத்துவிடுகிறார். பைக்கின் புத்தருக்கு அந்த ஓய்வு கிடையாது. கூடம் திறந்ததிலிருந்து மூடும்வரை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். காட்டுவதும் மறைப்பதும் சேர்ந்துதான் பூஜை. காட்டிக்கொண்டே இருப்பது வேறொன்று. அது என்ன என்று இன்னும் யோசிக்கிறேன்.

2025 ஜூன் 17, இரவு 11.20

"கோயிலுக்குள் எல்.இ.டி. திரை வந்த நாளோடு பக்தி போயிற்று" என்று பட்டர்வொர்த் அக்கா எழுதியிருக்கிறார். அந்தத் திரையைக் கட்டுகிறவன் என்பதால் உள்ளே நடப்பதைச் சொல்கிறேன்.

கருவறையில் எண்ணெய் விளக்கு வெளிச்சம்தான். கேமராவைத் தானியங்கியில் விட்டால் அந்த இருட்டுக்கு ஏற்பக் கண்ணை அகலத் திறந்துகொள்ளும். குருக்கள் கற்பூரத் தட்டைத் தூக்கியதும் வெளிச்சம் கூடிவிட்டது என்று சட்டென்று சுருக்கிக்கொள்ளும். திரையில் வெள்ளையாகச் சுடர் மட்டும் நிற்கும், அம்மன் முகம் கறுத்துப்போகும். எந்தக் கணத்துக்காக அத்தனை பேர் கால்கடுக்க நின்றார்களோ அந்தக் கணத்தில் முகம் இல்லை. அதனால் அலங்காரம் முடிந்த கையோடு நான் ஒளியளவைக் கையால் அமைத்துப் பூட்டிவிடுவேன். அளவு பார்ப்பது அம்மனின் மூக்குத்தியில். விளக்கு வெளிச்சத்தில் கல் சிதறாமல், முகம் சற்று மங்கலாகத் தெரிய வேண்டும். கற்பூரம் வரும்போது முகம் தானாக எழுந்து வரும்.

அடுத்தது தாமதம். கேமரா, காட்சிகளை மாற்றும் கலவைக் கருவி, திரையின் செயலி ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு ஃபிரேம், அதாவது ஒன்றிரண்டு தனிப்படம், எடுத்துக்கொள்ளும். நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஒன்றுக்கு 40 மில்லிநொடி. ஐந்தாறு சேர்ந்தால் ஏறக்குறையக் கால் நொடி. மணியோசை காதுக்கு வந்துவிடும், சுடர் திரைக்குப் பிந்தி வரும். கேமராவுக்குப் பின்னால் நின்று பார்த்தால் தெரியும்: முன்வரிசைக் கைகள் தலைக்கு மேல் கூப்பியாகிவிட்டன, பின்மண்டபத்துக் கைகள் அப்போதுதான் எழுகின்றன. பைக்கின் காலத்து மூடிய சுற்று (சி.சி.டி.வி.) தொலைக்காட்சியில் இந்தத் தாமதம் கண்ணுக்கே தெரியாது. நம் புதிய கருவிகள்தாம் சாமியை மணிக்குப் பிந்தவிட்டன.

பக்தி போயிற்று என்று இதை நான் சொல்லமாட்டேன். 2021 தைப்பூசத்தை நினைத்துப் பாருங்கள், அக்கா. கொரோனா கால நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை, பத்துமலைக்குப் போக முடியாது. என் தாயார் கைப்பேசியை முருகன் படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். அவருடைய கைப்பேசியில் நேரலை ஒரு நேரம், என் தம்பி கைப்பேசியில் சில நொடி முந்தி. தம்பியின் கைப்பேசியில் தீபாராதனை முடிந்துவிட்டது. தாயார் திரும்பியும் பார்க்கவில்லை. தம் திரையில் சுடர் வந்தபோதுதான் வீட்டுக் கற்பூரத்தை ஏற்றினார். தாமதம் இருந்தது, தரிசனமும் இருந்தது.

2025 ஜூன் 18, பிற்பகல் 1.15

அக்கா சொல்வதில் எனக்கு உடன்பாடான பகுதியும் உண்டு. ஒரு கோயில் நிர்வாகத்தில் அபிஷேக நேரத்தில் திரையின் கீழ்ப்பக்கம் உபயதாரர்களின் கடை விளம்பரம் ஓட வேண்டும் என்றார்கள். பால் ஊற்றும்போது கீழே தளவாடக் கடை. முடியாது என்று சொல்லி ஏணியை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். இன்றும் அந்தப் பக்கம் எனக்கு வேலை கிடையாது, பரவாயில்லை.

2025 ஜூன் 22, மாலை 5.30

"இங்கே யார் இப்படியெல்லாம் செய்தார்கள்?" என்று கேட்ட தம்பிக்கு.

பைக் நியூயார்க்கில் புத்தரை உட்கார வைத்த அதே 1974இல், கோலாலம்பூரில் மலாய் மொழி நிறுவனமான தேவான் பஹாசா டான் புஸ்தாகாவில் ரெட்ஸா பியாடாசா, சுலைமான் ஏசா என்ற கலைஞர்கள் இருவரும் ஒரு கண்காட்சி நடத்தினார்கள். 'டுவர்ட்ஸ் எ மிஸ்டிக்கல் ரியாலிட்டி' என்று பெயர். மேல்நாட்டுக் கலைப் பார்வையை விட்டு, தாவோ, ஜென் வழியில் பொருளைக் காலத்தோடு சேர்த்துப் பார்க்கச் சொன்னார்கள். வைத்தது என்ன? பாதி குடித்த இரண்டு கோகோ கோலா போத்தல்கள். மார்ச் 25 இரவு கொசுவை விரட்ட ஏற்றி எரிந்து தீர்ந்த கொசுவர்த்திச் சுருள்கள். ஜூன் 10, திங்கட்கிழமை பிற்பகல் 2.46க்குப் பறவையைத் திறந்துவிட்ட பிறகு காலியான கூண்டு. எத்தனையோ பேர் உட்கார்ந்து எழுந்த ஒரு நாற்காலி. கவிஞர் ஸல்லே பென் ஜோனெட் அந்தக் கண்காட்சி அறிக்கையின் மேல் சிறுநீர் கழித்துத் தம் எதிர்ப்பைக் காட்டியதுதான் பலருக்கு நினைவிருக்கிறது.

எனக்கு நினைவில் நிற்பது ஒரு பூந்தொட்டி. கலைஞர்கள் இருவரும் ஏழு மாதம் தண்ணீர் ஊற்றிப் பராமரித்த செடி என்பதே அதன் தலைப்பு. கூண்டைப் பற்றிப் பேசியவர்கள் பலர், தொட்டியைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. கூண்டில் நடந்தது ஒரு கணம். தொட்டியில் நடந்தது ஏழு மாதம். ஏழு மாதமும் யாரோ ஒருவர் தவறாமல் போய்த் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். ஆன்மிகம் என்று நான் தேடுவது அந்தப் போய்வருதலைத்தான் என்று இப்போது தோன்றுகிறது. படம் எதைக் காட்டுகிறது என்பதற்கு முன்னால், யார் அதை நாள்தோறும் கவனிக்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.

2025 ஜூன் 23, காலை 8.10

"பூந்தொட்டி எப்படிப் புதிய ஊடகம் ஆகும்?" ஆகாது. மின்னணுவில்தான் வேண்டும் என்றால் 1997க்கு வாருங்கள். கோலாலம்பூர் தேசியக் கலைக்கூடத்தில் முதலாவது மின்னணுக் கலைக் கண்காட்சி. ஒருங்கிணைத்தவர்கள் ஹஸ்னுல் ஜமால் சைடோனும் நிரஞ்சன் ராஜாவும். அதற்கு முன்பே, 1988இல், இஸ்மாயில் ஸைன் கணினியில் ஒட்டுப்படங்கள் செய்து காட்டிவிட்டார். ஹஸ்னுல் பின்னாளில் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகத்துக்குத் தலைமை ஏற்றார். ஆகவே பினாங்கு ஐயா இதை மேல்நாட்டுச் சரக்கு என்று தள்ளிவிட முடியாது. அவர் வீட்டுக்கு அருகிலேயே இருக்கிறது.

2025 ஜூன் 29, இரவு 9.50

இந்த வாரம் முழுக்க வடலூரே மனத்தில்.

வள்ளலார் 1872 தைப்பூசத்தன்று சத்திய ஞானசபையில் வழிபாட்டைத் தொடங்கினார். உள்ளே விளக்கு, அதன் முன்னால் கண்ணாடி, அதற்கு முன்னால் ஏழு திரைகள்: கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, கடைசியில் கலப்பு வண்ணம். தைப்பூசத்தன்று ஒவ்வொன்றாக விலகும், சோதி தெரியும். மாதப் பூசத்தில் எல்லாத் திரைகளும் விலகுவதில்லை.

ஒரு புரொஜெக்டர்காரனாக இதைப் படிக்கும்போது எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. வெளிச்சம், கண்ணாடி, வண்ண வடிகட்டி, காலம். நாங்கள் கூடத்தில் வைக்கும் ஒவ்வொன்றும் அங்கே இருக்கிறது. எங்களிடம் இல்லாத ஒன்றும் இருக்கிறது: மறைத்து வைக்கும் துணிவு. ஆண்டு முழுவதும் பெரும்பாலும் மூடியிருக்கும் படைப்பை எந்தக் கலைக்கூடம் ஏற்கும்? நான் வேலை செய்யும் கூடங்களில் படம் ஏழு நிமிடத்துக்கு ஒருமுறை திரும்ப ஓட வேண்டும், யாரும் தவறவிடக்கூடாது என்பார்கள். தவறவிட முடியாத ஒன்றுக்காக யார் காத்திருப்பார்கள்?

இன்னொன்று. உள்ளே போய்த் தூசு துடைப்பவர், விளக்கேற்றித் தருபவர் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவராகவோ எழுபத்திரண்டு வயதுக்கு மேற்பட்டவராகவோ இருக்க வேண்டும் என்று வள்ளலார் விதித்தார். எதைக் காட்ட வேண்டும் என்பதோடு, யார் துடைக்க வேண்டும் என்பதையும் எழுதிவைத்தார்.

2025 ஜூலை 2, காலை 6.45

கிள்ளானிலிருந்து ஒரு சன்மார்க்க அன்பர்: "ஞானசபையை உங்கள் கண்காட்சிப் பொருளோடு சேர்க்காதீர்கள். அது கலை அல்ல, வழிபாடு."

ஏற்கிறேன். அளவுகோல் வடலூர்தான். கூடத்தில் இருப்பதை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன், எவ்வளவு குறைகிறது என்று தெரிகிறது. எதிர்த்திசையில் நான் போகவில்லை.

2025 ஜூலை 8, இரவு 11.55

செயற்கை நுண்ணறிவுச் சாமி பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இந்த ஏப்ரலில் ஜோகூரில் ஒரு சீனக் கோயில் கடல் தெய்வமான மாசூவைப் பேசும் திரை வடிவில் வைத்தது. கேள்வி கேட்டால் தெய்வம் மாண்டரினில் பதில் சொல்கிறது. 2019இல் கியோட்டோவின் கோடைஜி கோயிலில் மிண்டார் என்ற ரோபோ வந்தது. அலுமினிய உடம்பு, சிலிக்கோன் முகம், கருணையின் வடிவமான கன்னோன் போதிசத்துவரின் உருவில் நின்று, இதய சூத்திரம் என்ற பௌத்த நூலுக்கு விளக்கம் சொல்கிறது.

மிண்டாரை என்னால் ஏற்க முடிகிறது. அது பிரசங்கம் செய்கிறது, கேட்பவர்கள் அமைதியாக உட்கார்ந்து கேட்கிறார்கள். மாசூவை ஏற்க முடியவில்லை. கேட்டவுடன் பதில், எல்லாக் கேள்விக்கும் பதில். என் தாயார் முருகனிடம் கேட்டவை பலவற்றுக்கு இன்றுவரை பதில் வரவில்லை. அந்தப் பதில் வராமையோடு வாழ்ந்துதான் அவர் பக்தராக ஆனார்.

2025 ஜூலை 9, பிற்பகல் 12.30

பட்டர்வொர்த் அக்கா நன்றாகக் கேட்டார்: "தோட்டத்துக் கோயிலில் சாமியாடியிடம் குறி கேட்டோமே, அங்கேயும் உடனே பதில் வந்ததே. அப்போது மட்டும் சாமியா?"

இரவெல்லாம் இதையே யோசித்தேன். சாமியாடி குறி சொல்வதற்கு முன்னால் விரதம் இருக்கிறார். உறுமி ஏறி ஏறி, அவர் உடம்பு நடுங்கி, அருள் இறங்க நேரமாகும். சில நாள் இறங்காது. கூட்டம் வெறுங்கையோடு திரும்பும். சொன்ன வாக்குப் பொய்த்தால் மறுநாள் அதே தோட்டத்தில் அதே முகங்களைப் பார்த்தாக வேண்டும். அந்த வாக்குக்குப் பின்னால் ஓர் உடம்பு பொறுப்பாக நிற்கிறது. வரமறுக்கும் உரிமை அந்தச் சாமிக்கு இருந்தது. மென்பொருளுக்கு அது இல்லை. என் மறுப்பு வேகத்தின் மேல் இல்லை, மறுக்க முடியாமையின் மேல் என்று திருத்திக்கொள்கிறேன்.

2025 ஜூலை 12, இரவு 8.00

காணொளிக் கலைஞர் பில் வயோலா இறந்து இன்றோடு ஓராண்டு. ஆறு வயதில் ஏரியில் விழுந்து மூழ்க இருந்தவர். அங்கே அச்சம் வரவில்லை, ஓர் அழகிய உலகத்தைக் கண்டேன் என்று பின்னாளில் சொன்னார். வாழ்நாள் முழுக்கத் தண்ணீரைப் படமெடுத்தார். 'தி கிரீட்டிங்' படைப்பில் 45 நொடிச் சந்திப்பைப் பத்து நிமிடமாக நீட்டினார். லண்டன் புனித பவுல் பேராலயத்துக்குள் 2014இல் 'மார்ட்டியர்ஸ்' வந்தது: நான்கு திரைகள், மண், காற்று, நெருப்பு, நீர் நான்கும் நான்கு உடல்களைத் தாக்குகின்றன. ஒலியே கிடையாது. தொழும் இடத்துக்குள் மின்னணுத் திரை நிரந்தரமாகக் குடியேறியது அப்படித்தான். விளம்பரமும் வேகமும் கற்றுத்தந்த கருவியை இவ்வளவு மெதுவாக்க முடியும் என்று காட்டியவர் அவர். என் தொழிலில் என்னைத் தக்கவைத்தவரும் அவர்தான்.

2025 ஜூலை 26, மாலை 6.20

பினாங்கு ஐயா மறுபடி வந்து, "மின்சாரக் கேள்விக்கு நேரான பதில் இன்னும் வரவில்லை" என்கிறார். சொல்கிறேன்.

எண்ணெய் தீர்ந்தால் விளக்கும் நிற்கும், ஐயா. கருங்கல்லும் நிரந்தரம் அல்ல என்பதால்தான் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணி. அப்போது என்ன செய்கிறோம்? கலாகர்ஷணம் செய்து மூர்த்தியின் சக்தியைக் கும்பத்துக்கு மாற்றுகிறோம். தற்காலிகக் கோயிலான பாலாலயத்தில் வைத்து வழிபடுகிறோம். கோபுரத்தைச் செப்பனிட்டு, மருந்து சாத்தி, கும்பாபிஷேகத்தன்று திரும்பக் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம். இருப்பிடம் மாறலாம், கவனிப்பு அறக்கூடாது என்பது நம் ஆகமம் சொல்லும் பாடம்.

இப்போது கொரியாவைப் பாருங்கள். பைக் 1988இல் 1,003 தொலைக்காட்சிப் பெட்டிகளை அடுக்கி ஒரு கோபுரம் எழுப்பினார். 'தி மோர் தி பெட்டர்' என்று பெயர். குவாச்சோன் தேசிய அருங்காட்சியகத்தின் நடுவில் நிற்கிறது. அவர் 2006இல் இறந்தார். பழைய படக்குழாய்த் தொலைக்காட்சிப் பெட்டிகள் ஒவ்வொன்றாகச் செத்தன, 2018இல் கோபுரத்தையே அணைக்க வேண்டியதாயிற்று. எல்லாவற்றையும் புதிய தட்டைத் திரையாக மாற்றலாமா என்ற வாதம் ஓடியது. முடிந்தவரை பழைய குழாய்ப் பெட்டிகளையே தேடிப் பிடித்துப் பழுதுபார்த்தார்கள், முடியாத இடத்தில் மட்டும் எல்.சி.டி. வைத்தார்கள். 2022இல் மீண்டும் ஒளியேற்றினார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குக் கும்பாபிஷேகப் பத்திரிகையைப் படிப்பது போலவே இருந்தது.

வுல்ஃப்காங் லைப் என்ற ஜெர்மானியக் கலைஞரையும் சொல்ல வேண்டும். மதுரைப் பக்கத்தில் பட்டறை வைத்திருப்பவர். 1975இல் தொடங்கி 'பால்கல்' செய்கிறார். வெள்ளைச் சலவைக்கல் பலகை, மேல்பரப்பு மயிரிழை ஆழத்துக்குக் குழிந்திருக்கும். காலையில் அதில் பால் ஊற்றி நிரப்ப வேண்டும். மாலையில் துடைத்துக் கழுவ வேண்டும். முதல் நாள் அவர் ஊற்றுவார், பிறகு அருங்காட்சியகப் பணியாளர்கள். ஒரு நாள் விட்டால் திரிந்து நாறும். மின்சாரமே இல்லாத படைப்பு, ஆனாலும் கவனிப்பு நின்றால் அன்றைக்கே அழிகிறது. ஆகவே மின்சாரத்தின் மேல் பழிபோடுவதை நான் ஏற்கவில்லை.

இங்கே கோலாலம்பூரில் நான் புரொஜெக்டர் பொருத்திய ஒரு கூடத்தில், வாசலில் உட்காரும் பாதுகாவலர் அம்மா ஒருவர் தினமும் கருவிகளை ஏற்றி அணைப்பார். அந்தப் படத்தில் நீண்ட நேரம் இருட்டு, பிறகுதான் ஒரு வெளிச்சம். பாதியில் கிளம்புகிறவர்களை அவர் கையமர்த்தி நிறுத்துவார்: "இன்னும் மூன்று நிமிடம் நில்லுங்கள், இப்போது வரும்." அவருக்கு யாரும் அந்த வேலையைக் கொடுக்கவில்லை. ஒருநாள் படம் சுவரில் ஒரு விரற்கடை இறங்கியிருந்ததைக் கண்டு எனக்குத் தொலைபேசியில் சொன்னவரும் அவர்தான். கலைஞர் வந்து பார்த்தபோது கவனிக்காதது அது.

2025 ஜூலை 27, காலை 9.00

"அப்படியானால் நாள்தோறும் அக்கறையாகத் துடைத்தால் குளிர்சாதனப் பெட்டியும் ஆன்மிகம்தானா?" என்று ஒருவர். இல்லை. துடைப்பவர் அதன் முன்னால் நின்று எதற்காகவும் காத்திருப்பதில்லை. கவனிப்பும் காத்திருப்பும் இரண்டும் வேண்டும்.

2025 ஆகஸ்டு 3, இரவு 10.15

ஈப்போ தம்பி, நீ கேட்டதற்கு வருகிறேன். பாட்டி வளர்ந்த தோட்டத்துக் கோயில் இடிபடப் போகிறது, அதை வைத்துக் கூடத்தில் ஒரு காணொளிப் படைப்புச் செய்ய வேண்டும், மூலவரைப் படமெடுக்கலாமா என்கிறாய்.

என் பதில்: மூலவர் வேண்டாம். நான் திரை கட்டும் கோயில்களிலும் உற்சவருக்கும் அபிஷேகத்துக்கும் கேமரா வைப்பேன். நிர்வாகமும் குருக்களும் கேட்டுக்கொண்டால் மட்டும் கருவறைப் பக்கம் திருப்புவேன். பதிவை வைத்துக்கொள்ள மாட்டேன். கூடத்துச் சுவரில் யார் வேண்டுமானாலும் செருப்புக் காலோடு வந்து பார்ப்பார்கள். பூசாரியிடம் கேள், அவர் சரி என்றாலும் பாட்டியிடம் ஒருமுறை கேள்.

எடுக்க வேண்டியவை வேறு நிறைய இருக்கின்றன. அதிகாலையில் வாசல் தெளிப்பவர் கை. எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய விளக்குமாடம். மணிக்கயிற்றில் பிடித்துப் பிடித்துக் கறுத்த இடம். அந்த மின்சார மேள இயந்திரத்தையும் எடு, அதை ஒதுக்காதே. பல கோயில்களில் ஆள் இல்லாத நேரத்தில் பூஜை நடந்தது அதன் புண்ணியத்தில்தான். ஒலியைத் தனியாகப் பதிவுசெய், கேமராவின் ஒலிவாங்கியை நம்பாதே. ஒளியளவைப் பூட்டு.

படைப்பு முடிந்து கூடத்தில் வைக்கும்போது, தினமும் யார் அதை ஏற்றி அணைப்பார் என்று முதலில் எழுத்தில் கேட்டு வாங்கு. ஆள் இல்லை என்றால் அந்த மாதம் முழுக்க நீயே போ. கோலாலம்பூரில் வைப்பதாக இருந்தால் புரொஜெக்டர் நான் தருகிறேன். வாடகை வேண்டாம். பல்பு மட்டும் உன் செலவு.